லேண்ட் ஸ்பீட் ரெக்கார்டு நம்பரை எப்படிப் படிக்கணும்: புளூபேர்ட் சிஎன்7-ஐ வச்சே பாத்துடலாம்

தரையில ஓடற வண்டிகளோட வேக ரெக்கார்டுதான் லேண்ட் ஸ்பீட் ரெக்கார்டு. 1963-ல கிரெய்க் பிரீட்லவ் மணிக்கு 407 மைல் வேகத்துல போயிட்டார், 1964-ல டொனால்ட் கேம்ப்பெல் புளூபேர்ட் சிஎன்7-ங்கற தன்னோட கார்ல 403 போய் "உலக ரெக்கார்டு" வாங்கினார். கம்மியா போனவருக்கு எப்படிய்யா ரெக்கார்டுன்னு எனக்கும் ரொம்ப நாள் குழப்பம். இந்த மாதிரி நம்பர் எங்க பாத்தாலும் கீழ இருக்கற வரிசையில செக் பண்ணுங்க.

முதல்ல வண்டியைத் தள்றது எதுன்னு பாருங்க. சிஎன்7-ல இருந்தது பிரிஸ்டல் புரோட்டியஸ் கேஸ் டர்பைன், பிரிட்டானியா விமானத்துல புரொப்பெல்லர் சுத்தின அதே இன்ஜின் குடும்பம்தான், 4000 குதிரைசக்திக்கு மேல. நாரிஸ் அண்ணன் தம்பி டிசைன்ல இன்ஜினோட முன்னாடியும் பின்னாடியும் ஷாஃப்ட் எடுத்து, ரெண்டு பக்கமும் கியர்பாக்ஸ் வச்சு நாலு சக்கரத்தையும் சுத்த விட்டாங்க. பிரீட்லவ் வண்டி அப்படி இல்ல, ஜெட் காத்து பின்னாடி பீச்சி தள்ளும், சக்கரம் சும்மா உருளும், அதுவும் மூணே சக்கரம். கார் ரெக்கார்டுகளை அங்கீகரிக்கற சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ-வோட அன்னிக்கு ரூல்படி நாலு சக்கரம் வேணும், இன்ஜின் சக்கரத்தைச் சுத்தணும், அதனால அவரோட 407 கார் கணக்குல சேரல.

அடுத்து, ஒரே ஒரு ஓட்டத்தோட நம்பரை நம்பாதீங்க. போகணும், திரும்பி வரணும், ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும், காத்து ஒரு பக்கம் தூக்கி விட்டா இன்னொரு பக்கம் இழுத்துடும்ல, அதுக்குத்தான். இதுல எல்லாரும் சறுக்கற இடம் சராசரி. 1947-ல, கேம்ப்பெல்லுக்கு முன்னாடி ரெக்கார்டு வச்சிருந்த ஜான் காப் ஒரு பக்கம் 385.645, இன்னொரு பக்கம் 403.135 மைல். கூட்டி ரெண்டால வகுத்தா 394.39 வரும், ஆனா ரெக்கார்டு 394.196! ஏன்னா சராசரி எடுக்கறது வேகத்துக்கு இல்ல, நேரத்துக்கு. ஒரு மைல் கடக்க 9.335 செகண்ட், 8.930 செகண்ட், சராசரி 9.1325, இப்போ 3600-ஐ அதால வகுத்துப் பாருங்க, டாண்ணு வரும். கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாத்தாதான் மனசுல நிக்கும்.

மூணாவது, தரை. 1960 செப்டம்பர்ல அமெரிக்காவுல பான்வில் உப்புத்தரையில சுமார் 360 மைல்ல சிஎன்7 உருண்டு நொறுங்கிடுச்சு, கேம்ப்பெல்லுக்கு மண்டை ஓட்டுல விரிசல். திரும்பக் கட்டினப்போ பின்னாடி நிமிந்த ஒரு வால் வச்சாங்க. அப்புறம் ஆஸ்திரேலியாவுல ஏர் (Eyre)ங்கற உப்பு ஏரி, வருஷக்கணக்கா காஞ்சு கிடந்த இடம், இவர் போன 1963-ல கொட்டுச்சு பாருங்க மழை! மூட்டை கட்டிட்டு மறுவருஷம் வந்தாலும் உப்பு முழுசா இறுகல, சக்கரம் தரையைக் கீறிக்கிட்டே போச்சு. 1964 ஜூலை 17, ரெண்டு பக்கமும் 403.1, கிலோமீட்டர்ல சொன்னா 648.73. அதைவிட ரொம்ப வேகத்துக்குக் கட்டின வண்டி, அதனால அவருக்குத் திருப்தியே இல்ல. ஈரத் தரையில அவ்வளவு எடுத்ததே பெருசுன்றது என் கட்சி.

கடைசியா, எந்தப் பிரிவு, எத்தனை நாள் நின்னுச்சுன்னு பாருங்க. அதே வருஷக் கடைசியில ஜெட் வண்டிகளையும் ஏத்துக்கிட்டாங்க, ஒட்டுமொத்த ரெக்கார்டு கைமாறிடுச்சு. இன்ஜின் சக்கரத்தைச் சுத்தற பிரிவுல 1965-ல கோல்டன்ராட்ங்கற கார் 409 போச்சு, அது சாதாரண கார்ல இருக்கற மாதிரி பிஸ்டன் இன்ஜின். டர்பைன் திரும்ப ஜெயிச்சது 2001-ல, டான் வெஸ்கோவோட டர்பினேட்டர், 458 மைல்.

இப்போ மேல போய் காப் நம்பரை இன்னொரு தடவை பாருங்க. கேம்ப்பெல்லுக்கு 17 வருஷம் முன்னாடி, ரெண்டு பிஸ்டன் இன்ஜினை வச்சுக்கிட்டு மனுஷன் ஒரு பக்கம் மட்டும் 403.135 போயிருக்கார், கேம்ப்பெல்லோட 403.1-ஐ விட ஒரு மயிரிழை அதிகம்.