தண்ணீரில் ஊறிய காரைக்கால்

போன மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். காயலான் கடையில் எடைக்கு எடுத்தது என்று ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். உள்ளே பதினொரு பட அஞ்சலட்டைகள். தஞ்சாவூர்ப் பெரிய கோவில், சிவகங்கைக் குளம், ஸ்வார்ட்ஸ் சர்ச் எல்லாம் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு மூலை சதுரமாக வெட்டப்பட்டிருந்தது. "ஸ்டாம்பை மட்டும் தனியா எடுத்து வச்சிட்டேன் சார்" என்றான், பெருமையாக. எனக்குக் காபி இறங்கவில்லை.

கிழிந்ததை வாங்காதே, ஈரக்கையால் தொடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். பழைய பட அஞ்சலட்டை சேர்ப்பவர்கள் தெரியாமல் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஸ்டாம்பைப் பிரிப்பது

அந்தப் பையனாவது கத்தரிக்கோலோடு நிறுத்தினான். எட்டாம் வகுப்பில் நான் குண்டானில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டேன்.

மாயவரத்தில் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த காரைக்கால் கார்டு அது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த ஊர் என்பதால் பிரெஞ்சிந்திய ஸ்டாம்ப், விலை சென்டீம் என்ற பிரெஞ்சுச் சில்லறையில். 1923-இல் அங்கே ஸ்டாம்ப் விலையை ரூபாய், பணம், காசு என்று மாற்றினார்கள். ஆகவே சென்டீம் என்றாலே அதற்கு முந்தைய வெளியீடு. பிரெஞ்சுக்காரச் சேகரிப்பாளர்களுக்கு ஸ்டாம்பைப் படத்தின் மேலேயே ஒட்டி அனுப்பும் பழக்கம் உண்டு. என் கார்டும் அப்படித்தான். தெருக்காட்சிக்கு மேலே ஸ்டாம்ப், இரண்டையும் சேர்த்துப் பிடித்தபடி வட்ட முத்திரை.

அரை மணி நேரத்தில் ஸ்டாம்ப் அழகாகக் கழன்று வந்தது. கூடவே படத்திலிருந்த வானத்தில் ஒரு தோலும். கையால் பூசிய வர்ணம் ஓடியது, பின்பக்கப் பேனா மை நீலக் குளமானது, அட்டை காய்ந்ததும் அப்பளம் போல வளைந்தது. முத்திரையில் ஊர்ப்பெயர் அட்டையோடும் தேதி ஸ்டாம்போடும் போயின.

பல வருஷம் கழித்து இரண்டையும் ஒரு பாண்டிச்சேரிப் பெரியவரிடம் காட்டினேன். "சேர்ந்திருந்தா நான் கேட்டு வாங்கியிருப்பேன் தம்பி. தனித்தனியா ரெண்டும் குப்பை" என்றார். சரியாகத்தான் சொன்னார். அந்த ஸ்டாம்ப் எந்தப் பழைய ஆல்பத்திலும் கிடைக்கும். எங்கிருந்து, என்றைக்கு, யாருக்கு, எந்தப் படத்தின் மேல் ஏறிப் போனது என்பதற்குத்தான் விலை. முத்திரை பாதி இங்கும் பாதி அங்கும் விழுவதே இரண்டும் சேர்ந்து பயணம் செய்ததற்குச் சாட்சி. இன்றைக்கும் யாராவது "ஊறப்போட்டா ஈஸியா வந்துடும்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

படத்தின் மேல் கிறுக்கியிருக்கிறது என்று ஒதுக்குவது

அது கிறுக்கல் இல்லை. முதலில் பின்பக்கம் முழுக்க விலாசத்துக்கு மட்டும்தான். சேதியைப் படத்தைச் சுற்றி நெருக்கித்தான் எழுதவேண்டும். பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுத பிரிட்டன் 1902-இலும் அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன. பின்னால் நடுக்கோடு இல்லாமல் முன்னால் நுணுக்கி எழுதிய கார்டு கிடைத்தால் பேசாமல் வாங்குங்கள். ரப்பர் போட்டு அழித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முத்திரைத் தேதியைப் படத்தின் தேதி என்பது

தபாலில் போட்ட நாள் வேறு, போட்டோ எடுத்த நாள் வேறு. ஒரே படத்தை வருஷக்கணக்காக அச்சடித்து விற்றார்கள். மெட்ராஸ் கடைகள் விற்ற கார்டுகளிலேயே பல ஜெர்மனியில் அச்சானவை. 1914-இல் போர் வந்ததும் அந்த வரத்து நின்றது, கடையில் கிடந்த பழைய சரக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தது.

புள்ளி தெரிந்தால் போலி என்பது

பூதக்கண்ணாடியில் புள்ளி தெரிகிறதே என்று ஒருவர் நல்ல கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். படத்தைப் பொடிப்பொடிப் புள்ளிகளாக அச்சடிக்கும் முறை அந்தக் காலத்திலும் உண்டு ஐயா. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். பளீரென நீலவெள்ளையாக மின்னினால் காகிதம் அநேகமாக 1950-க்குப் பிந்தியது, மறு அச்சு. மின்னாததால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது.

லேமினேஷன்

வேண்டாம்.

இணையத்தில் கேட்கும் விலையை நம்புவது

யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்த விலையைப் பாருங்கள். பெரிய கோவில் படம் ஏராளம். சின்ன ஊர்க் கடைத்தெருவும் ரயில் நிலையமும்தான் அரிது. தேடும்போது வெள்ளைக்காரன் எழுதிய ஊர்ப்பெயரைப் போடுங்கள்: டான்ஜோர், நெகபட்டாம், டிராங்குபார். தரங்கம்பாடி என்று போட்டால் பாதிகூட வராது.

கிளம்பும்போது பையன் கேட்டான், "ஃபெவிகால் வச்சு ஒட்டிடலாமா சார்?" டப்பாவைக் கையிலிருந்து வாங்கிவிட்டேன். எந்த ஸ்டாம்ப் எந்த மூலையிலிருந்து வந்தது என்று முத்திரைக் கோட்டை வைத்துப் பொருத்திப் பார்த்ததில் ஒன்பதுக்கு ஜோடி கிடைத்தது. ஒட்டாமல், ஜோடி ஜோடியாகத் தனிக் கவரில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். என் காரைக்காலும் அப்படி ஒரு கவரில்தான் இருக்கிறது.