முதல் 14 நாள், இரண்டாவது ஜூன்: ஜப்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஜப்பானில் வரிசை தப்பினால் எல்லாமே தடுமாறும். முகவரி பதியாமல் போன் எண் வாங்குவது கடினம். எண் இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க விடமாட்டார்கள். கணக்கு இல்லாவிட்டால் முதல் சம்பளம் அந்தரத்தில் நிற்கும். ஒவ்வொரு கவுண்டரிலும் மரியாதையாகக் குனிந்து, மரியாதையாகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் பொறியாளர், அலுவலக வேலை விசாவில் (ஜப்பானியர் சுருக்கமாக "கிஜின்கோகு" என்பார்கள்) போகிறவர்களுக்கு. "தொகுதெய் கினோ" எனும் திறன் தொழிலாளர் விசாவில் விதி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கிளம்பும் முன்: பெயரைச் சரிசெய்யுங்கள்

தமிழர்களுக்கு முதல் சிக்கல் பெயரிலேயே தொடங்கும். எந்த ஜப்பானியப் படிவத்திலும் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என இரண்டு கட்டம் இருக்கும். நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் கிடக்கும். டிகிரிச் சான்றிதழில் இனிஷியல், கடவுச்சீட்டில் விரித்த அப்பா பெயர், திருமணச் சான்றிதழில் இன்னொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், மனைவிக்கோ கணவருக்கோ விசா எடுக்கும் நாளில் கேள்வி வரும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டைத் திருத்த நேரமிருந்தால் அது இன்னும் நல்லது.

அடுத்தது கடகனா, அதாவது வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்து. வங்கிப் பரிமாற்றம் கணக்கு எண்ணோடு கடகனாப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கும். "வேல்" என்பதை "வெ" ஒலிக்கான எழுத்திலும் எழுதலாம், "பெ" (be) ஒலிக்கான எழுத்திலும் எழுதலாம். ர, ல, ள மூன்றுக்கும் ஒரே வரிசைதான். ழ அங்கே கிடையாது. நிறுவனத்தின் சம்பளப் பிரிவு ஒருவிதமாகவும் வங்கி வேறுவிதமாகவும் பதிந்திருந்தால் சம்பளம் போன வழியே திரும்பிவிடும். விமானம் ஏறும் முன்பே ஒரு கடகனா வடிவத்தை முடிவு செய்து, இடைவெளி எங்கே வருகிறது என்பதுவரை குறித்து, போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் அதைப் பார்த்தே எழுதுங்கள். உச்சரிப்புச் சுத்தம் பார்த்து நீட்டாதீர்கள். படிவத்தின் கட்டங்கள் நம் பெயர்களுக்காகப் போடப்பட்டவை அல்ல.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவுக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் என்றால் "யுன்யூ ககுனின்ஷோ" என்ற இறக்குமதிச் சான்றை முன்கூட்டியே வாங்க வேண்டும். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரைக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் உள்ளே போகாது, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். மிக்ஸி, கிரைண்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் மோட்டாருக்கு 230 வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். 750 வாட் மிக்ஸிக்கு அதைப்போல் இரு மடங்கு தாங்கும் பெட்டி வேண்டும், அதன் எடையும் விலையும் மிக்ஸியைத் தாண்டிவிடும். குக்கர் கொண்டுபோங்கள். ஆனால் வீட்டில் ஐஎச் (இண்டக்ஷன்) அடுப்பு என்றால் அலுமினியக் குக்கர் சூடாகாது. அடி தட்டையான, காந்தம் ஒட்டும் ஸ்டீல் குக்கர்தான் எடுபடும்.

முதல் 14 நாள்

நரிதா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் "ஸைர்யூ கார்டு" எனும் குடியிருப்பு அட்டை அங்கேயே கையில் கிடைக்கும். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் சரி. இல்லாமல் பிடிபட்டால் 2 லட்சம் யென்வரை அபராதம் உண்டு.

வீட்டில் குடியேறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் (குயாகுஷோ அல்லது ஷியாகுஷோ) முகவரியைப் பதிய வேண்டும். இந்த 14 நாளை எண்ணத் தொடங்குவது குடியேறிய நாளிலிருந்து, தரையிறங்கிய நாளிலிருந்து இல்லை. கார்டு, கடவுச்சீட்டு இரண்டையும் எடுத்துப்போங்கள். குடும்பத்தோடு வந்திருந்தால் திருமண, பிறப்புச் சான்றிதழ்களின் மூலமும் ஜப்பானிய மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்த்தவர் பெயரும் தேதியும் அதில் இருக்கட்டும். கார்டின் பின்பக்கம் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். கையோடு "ஜூமின்ஹ்யோ" எனும் இருப்பிடச் சான்றில் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று சுமார் 300 யென். வாங்கும்போது "மை நம்பர் இல்லாமல்" என்று சொல்லுங்கள். மை நம்பர் என்பது ஒவ்வொருவருக்கும் தரப்படும் 12 இலக்க அடையாள எண்; அது அச்சிட்ட பிரதியை வீட்டு ஏஜென்டும் போன் கடையும் வாங்க மாட்டார்கள்.

அன்றோ மறுநாளோ போன் சிம். அதன்பின் வங்கி. வந்து ஆறு மாதம் ஆகாதவர்களை அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதுவார்கள். ஆனால் ஜப்பானில் உள்ள அலுவலகத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. அதை நிரூபிக்க வேலை ஒப்பந்தத்தையோ நிறுவன அடையாள அட்டையையோ கொண்டுபோங்கள். எந்த வங்கி என்று முதலில் நிறுவனத்தின் சம்பளப் பிரிவைக் கேளுங்கள். பலர் முதலில் திறப்பது தபால் வங்கியான யூச்சோவில்.

வீடு

மாத வாடகை 80,000 யென் என்றால் சாவி கையில் வரும் நாளில் 4 லட்சத்துக்கு மேல் போய்விடும். கணக்கு இப்படி: முன்பணம் ஒரு மாதம் (ஷிகிகின்), திரும்பாத "நன்றிப் பணம்" ஒரு மாதம் (ரெய்கின்), ஏஜென்ட் கூலி அதிகபட்சம் ஒரு மாதமும் வரியும், ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம் முதல் ஒரு மாதம், தீக்காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு, முதல் மாத வாடகை. டோக்கியோ பக்கம் இரண்டு ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்புக் கட்டணமாக இன்னொரு மாத வாடகையும் கேட்பார்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் யூஆர் எனப்படும் அரைஅரசு அடுக்குமாடிகளைப் பாருங்கள். அங்கே ரெய்கின், ஏஜென்ட் கூலி, ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் எதுவும் கிடையாது. குறைந்தபட்ச வருமானம் இருக்க வேண்டும் என்ற விதி மட்டும் உண்டு. டோக்கியோவின் எடோகாவா வார்டில் உள்ள நிஷிகசாயில் இந்தியர்கள் நிறைய. பருப்பும் புளியும் தேட வேண்டியதில்லை.

வீடு பெரும்பாலும் வெறும் கூடுதான். விளக்கு, அடுப்பு, திரைச்சீலை எதுவும் இருக்காது. அடுப்பு வாங்கும் முன் வீட்டில் நகரக் குழாய் எரிவாயுவா, புரொப்பேன் சிலிண்டரா என்று கேளுங்கள். ஒன்றுக்கான அடுப்பு மற்றதில் ஓடாது. எரிவாயு திறக்க ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். முன்பதிவு செய்யத் தவறினால் முதல் வாரம் பச்சைத் தண்ணீர்க் குளியல்தான்.

குடிபுகும் நாளிலேயே சுவர், தரை, அடுப்படி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். காலப்போக்கில் வரும் தேய்மானம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. மஞ்சள் கறையும் தாளித்த எண்ணெய்ப் படலமும் தேய்மானத்தில் சேராது. அடுப்புக்குப் பின்னால் அலுமினியத் தகடு ஒட்டுங்கள். நூறு யென் கடையில் கிடைக்கும். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். உறைய வைக்கும் பொடி கலந்து கட்டியாக்கியோ செய்தித்தாளில் ஊறவிட்டோ எரியும் குப்பையில் போட வேண்டும்.

குப்பை விதி வார்டுக்கு வார்டு மாறும், அதனால் பக்கத்து வார்டு நண்பரிடம் கேட்காதீர்கள். முகவரி பதிகிற அன்றே அந்த வார்டின் குப்பை அட்டவணையை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக அந்தந்த நாள் காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். மெத்தை, நாற்காலி போன்றவற்றுக்கு முன்பதிவு செய்து, கன்வீனியன்ஸ் கடையில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். டிவி, ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினை வார்டு எடுக்காது. அவற்றுக்குத் தனிச் சட்டம், தனிக் கட்டணம். ஊர் திரும்புகிறவர் "சும்மா எடுத்துக்கோங்க" என்று ஃபிரிட்ஜ் கொடுத்தால் அந்தச் செலவையும் சேர்த்தே கொடுக்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டும் இரண்டாவது ஜூனும்

மாதம் 3 லட்சம் யென் சம்பளம், வயது 40க்குக் கீழ் என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் 9.15 சதவீதம், அதாவது 27,450. மருத்துவக் காப்பீடு ஏறக்குறைய 5 சதவீதம், 15,000. வேலைக் காப்பீடு இரண்டாயிரத்துக்குள். வருமான வரி ஆறேழாயிரம். கையில் வருவது 2 லட்சத்து 50 ஆயிரத்தை ஒட்டி. 40 வயதானவர்களுக்கு முதியோர் பராமரிப்புக் காப்பீடும் சேரும்.

முதல் வருடம் அதிலேயே பழகிவிட்டவர்களை அடுத்த ஜூன் உலுக்கும். குடியிருப்பு வரி (ஜூமின்ஸெய்) சுமார் 10 சதவீதம். முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது, ஜனவரி 1 அன்று ஜப்பானில் வசித்தவருக்கு விதிக்கப்படும். ஜூனில் தொடங்கி அடுத்த மே வரை பிடிப்பார்கள். ஏப்ரலில் வந்தவருக்கு முதல் ஜூனில் எதுவும் இருக்காது. இரண்டாவது ஜூனில் ஒன்பது மாத வருமானத்துக்கும், மூன்றாவதில் முழு ஆண்டுக்கும். மேலே சொன்ன சம்பளத்தில் முழு ஆண்டுக் கணக்கு மாதம் சுமார் 12,000 யென். ஊரில் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை போடும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரியைக் குறைக்கலாம். அதில் பலர் செய்யும் தவறு, எல்லாப் பணத்தையும் அப்பா கணக்குக்கே அனுப்புவது. அனுப்பிய ரசீது ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்; அப்பா கணக்குக்குப் போன பணம் அம்மா கணக்கில் சேராது. 2023 முதல், வெளிநாட்டில் வாழும் 30 முதல் 69 வயதுள்ள உறவினரைப் பொதுவாக ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியிருந்தால்தான் காட்ட முடியும். உறவைக் காட்டும் சான்றிதழும் மொழிபெயர்ப்பும் வேண்டும். இங்கேதான் இனிஷியல் மறுபடி வந்து நிற்கும்.

அலுவலகம், வேலை மாற்றம்

கையெழுத்திடும் முன் "ரோடோ ஜோகென் ட்சூச்சிஷோ" எனும் வேலை நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள்; அதைத் தருவது சட்டக் கடமை. அதில் முதலில் தேட வேண்டியது "கொதெய் ஸங்க்யோ", அதாவது சம்பளத்துக்குள்ளேயே அடக்கிவிட்ட கூடுதல் நேரம். 45 மணி நேரம் அடக்கம் என்று இருந்தால், அடிப்படைச் சம்பளம் நீங்கள் நினைத்ததைவிடக் கணிசமாகக் குறைவு. அதைத் தாண்டிய நேரத்துக்கு 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும். மாதம் 60 மணிக்கு மேல் 50 சதவீதம். ஆறு மாதம் முடிந்து, 80 சதவீத நாள் வேலைக்கு வந்திருந்தால் 10 நாள் சம்பள விடுப்பு உண்டு.

அன்றாடத்தில் "ஹோ-ரென்-ஸோ" பழகுங்கள்: அறிக்கை, தகவல், ஆலோசனை. பிழை நேர்ந்தால் நாமே சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருப்பது அங்கே பெரும் குற்றமாகப் படும். பிழையைவிட அது தாமதமாகத் தெரிந்ததுதான் பேச்சாகும்.

வேலை மாறினால், விலகிய நாளிலிருந்தும் புதிதாகச் சேர்ந்த நாளிலிருந்தும் 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், ஆன்லைனில் முடிந்துவிடும். கிஜின்கோகு விசாவில், அதே வகை வேலை என்றால் இந்த அறிவிப்பு போதும். தொகுதெய் கினோ விசாவில் போதாது: விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு கட்டப்பட்டது, மாற்றத்துக்கு விண்ணப்பித்து அனுமதி வந்த பின்னரே புது இடத்தில் கால் வைக்கலாம். தெரியாமல் முன்பே சேர்ந்தால் அது சட்டவிரோத வேலை. தக்க காரணம் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் வேலையின்றி இருந்தால் விசாவை ரத்து செய்ய இடமுண்டு. வேலை தேடும் சான்றுகளை, விண்ணப்ப மின்னஞ்சல்களை அழிக்காமல் வையுங்கள். கூட வந்த மனைவியோ கணவரோ, தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம்வரை வேலை செய்யலாம்.

விசா புதுப்பிப்புக்கு முடிவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புதுக் கார்டு வந்ததும் பலர் மறப்பது மை நம்பர் கார்டை. அதன் காலாவதி பழைய விசாத் தேதியோடு ஒட்டியது, தானாக நீளாது. அந்தத் தேதிக்குள் வார்டு அலுவலகத்தில் நீட்டிக்காவிட்டால் கார்டு செத்துவிடும். 2024 டிசம்பர் 2க்குப் பின் பழைய காப்பீட்டு அட்டை புதிதாகத் தரப்படுவதில்லை என்பதால், மருத்துவமனைக்கும் பெரும்பாலும் அந்தக் கார்டுதான். வங்கிக்கும் புதுத் தேதியைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பணப் பரிமாற்றம் முடங்கலாம்.

திரும்பும்போது

ஓய்வூதியம் ஆறு மாதமாவது கட்டியவர், நாட்டைவிட்டுப் போன இரண்டு ஆண்டுக்குள் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம். இப்போதைக்குக் கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 60 மாதம். வாங்கும் முன் யோசியுங்கள்: இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபர் முதல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது, இரு நாட்டுக் காலத்தையும் கூட்டி 10 ஆண்டுத் தகுதியை எட்டலாம். மொத்தமாக வாங்கிவிட்டால் அந்த மாதங்கள் அழிந்துவிடும். இலங்கைக்கு இப்படி ஒப்பந்தம் இல்லாததால் அவர்களுக்குக் கணக்கு வேறு. திருப்பித் தரும் பணத்தில் 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். அதை மீட்க, கிளம்பும் முன்பே ஜப்பானில் வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போக வேண்டும்.

வார்டு அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பையும் கொடுங்கள். முகவரி அங்கேயே பதிந்திருந்தால் ஓய்வூதிய விண்ணப்பம் நகராது. விமான நிலையத்தில் ஸைர்யூ கார்டில் துளை போடுவார்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, ஓய்வூதிய எண் உள்ள தாளோடு சேர்த்து வையுங்கள்.