ஒரு டம்ளர் ஜவ்வரிசியில் புதுச் சமையல்

சேலத்தில் இருந்துகொண்டு ஜவ்வரிசியைப் பாயசத்துக்கும் வடகத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு மனசு ஒப்பவில்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருளாயிற்றே! அதனால் மராட்டியர் செய்யும் கிச்சடியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

புதுசாக எதைச் செய்தாலும் முதல் தடவை ஒரு டம்ளர் அளவு போதும், அதுவும் சாயங்கால டிபனாக. பக்கத்தில் சோறும் ரசமும் இருக்கட்டும். பெரியவர்கள் பசியோடு காத்திருக்கக் கூடாது.

கடையில் மாவு ஜவ்வரிசி என்று கேட்டு வாங்குங்கள். நைலான் ஜவ்வரிசி பாயசத்துக்குத்தான் சரி. கழுவும் தண்ணீர் தெளியும்வரை அலசி, மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு நாலைந்து மணி நேரம் ஊறவையுங்கள். ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினால், நடுவில் கரடு தட்டாமல் மசிய வேண்டும். அப்புறம் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் உப்பும் போட்டுப் பிசிறுங்கள். நெய்யில் சீரகம், பச்சை மிளகாய் தாளித்து, வெந்த உருளைக்கிழங்கோடு இதையும் சேர்த்துப் புரட்டுங்கள். கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிட வேண்டும். மேற்கொண்டு கிளறினால் களியாகிவிடும்.

அடுத்த தடவை ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். நான் பச்சை மிளகாய்க்குப் பதில் ஏற்காட்டு மிளகைத் தட்டிப் போட்டேன். பிள்ளைகள் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.