ஒரு மாநிலத்தின் ஓட்டுக் கணக்கைப் படிப்பது எப்படி? புளோரிடா, 2000

அமெரிக்க அதிபர் தேர்தலில் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவரே தோற்றுப்போகலாம். 2000-இல் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு அதுதான் நடந்தது. ஏன் என்று புரிய, புளோரிடா ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

படி 1: மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று பாருங்கள். அதிபரை முடிவு செய்வது ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட இந்த வாக்குகள்தான். 2000-இல் புளோரிடாவுக்குப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் 23, செனட்டர்கள் 2. ஆக 25. ஒரே ஓட்டில் முந்தினாலும் 25-ம் முந்தியவருக்கே. (மெய்ன், நெப்ராஸ்கா இரண்டில் மட்டும் வேறு கணக்கு.)

படி 2: முதல் இருவரைக் கழியுங்கள். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் 29,12,790, கோர் 29,12,253. வித்தியாசம் 537! செல்லுபடியான ஓட்டு 59.63 லட்சம் என்பதால் 0.009 சதவீதம். நான் நம்பாமல் இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

படி 3: மூன்றாம் இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு 97,488. அவர் நிற்காவிட்டால் அத்தனையும் கோருக்குப் போயிருக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சிலர் ஓட்டே போடாமல் இருந்திருப்பார்கள்.

படி 4: இப்போது கவுண்டிவாரியாக (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிரியுங்கள். மொத்தம் 67. எங்கே எண் உறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். பாம் பீச் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே போய் தீவிர வலதுசாரியான பேட் புக்கானனுக்கு 3,400-க்கும் மேல்! மாநிலம் முழுக்க அவர் வாங்கியதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

படி 5: உறுத்தினால் ஓட்டுச்சீட்டையே பாருங்கள். எனக்குப் பிடித்த படி இதுதான். பாம் பீச் சீட்டில் பெயர்கள் இரண்டு பக்கமும், குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசையிலும் இருந்தன. இடப்பக்கம் முதலில் புஷ், அடுத்து கோர். வலப்பக்கம் மேலே புக்கானன். துளை வரிசையோ புஷ், புக்கானன், கோர். 'இரண்டாவது பெயர், இரண்டாவது துளை' என்று குத்தியவரின் ஓட்டு புக்கானனுக்கு. தப்பு தெரிந்து மூன்றாவதையும் குத்தினால் செல்லாது. இரண்டு பெயருக்குக் குத்திச் செல்லாமல் போனவை அந்தக் கவுண்டியில் மட்டும் சுமார் 19,000. இறக்கை விரித்தாற்போல் இருந்ததால் 'பட்டாம்பூச்சி ஓட்டுச்சீட்டு' என்று பெயர் வந்தது.

படி 6: அப்புறம் நீதிமன்றம். டிசம்பர் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் புளோரிடாவில் நடந்த மறு எண்ணிக்கையை முடித்துவைத்தது. ஜெயிக்க நாடு முழுக்க 270 தேர்வாளர் வாக்குகள் வேண்டும். புஷ்ஷுக்கு 271, கோருக்கு 266. சரி, அந்த 25-ஐ இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் போட்டுப் பாருங்கள்: புஷ்ஷுக்கு 246, கோருக்கு 291.