குதிரை வரைய முதலில் ஒரு சதுரம்

குதிரையைத் தலையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் 10 செ.மீ. சதுரம் போடுங்கள். நெஞ்சு முன்கோட்டில், பிட்டம் பின்கோட்டில், கழுத்து முதுகோடு சேரும் மேடு மேல்கோட்டில், குளம்பு அடிக்கோட்டில் வரட்டும். கழுத்தும் தலையும் சதுரத்துக்கு வெளியே. தலை நீளம் 4 செ.மீ.

வளர்ந்த குதிரைக்கு உயரமும் உடல் நீளமும் ஏறக்குறைய சமம். இரண்டும் தலையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. புதிதாக வரைபவர்கள் உடலை இழுத்துவிடுவார்கள், குதிரை மாடாகிவிடும்! பின்னங்காலில் பின்பக்கம் துருத்தும் மூட்டு முழங்கால் அல்ல, குதிகால். அசல் முழங்கால் வயிற்றோரம் இருக்கிறது. அதை மாற்றிப் போட்டால் கால் முழுக்கக் கோணலாகும்.

பேப்பர் வீணாக வேண்டாம். அரியமான் கடற்கரை ஈரமணலில் குச்சியால் பழகலாம்: தலை ஒரு சாண், சதுரம் இரண்டரைச் சாண். காய்ந்த மணலில் கோடு சரிந்துவிடும்.

பக்கவாட்டில் நிற்கும் குதிரைக்கு மட்டுமே இந்தக் கணக்கு. குட்டிக்குக் கால் நீளம், உடல் குட்டை. அய்யனார் கோயில் மண்குதிரைக்கும் பொருந்தாது. பாரம் தாங்க அதன் கால்களைத் தடியாகவே வனைவார்கள்.