போர்க்கைதிகள் கண்காட்சி: வடிவமைப்பில் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் இடப் பங்கீட்டிலேயே நடந்துவிடுகிறது. தப்பித்தல் விறுவிறுப்பானது என்பதால் பாதிக் கூடத்தை அதற்கே ஒதுக்கிவிடுவார்கள். 1944 மார்ச்சில் ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்ற ஜெர்மன் முகாமிலிருந்து சுரங்கம் வழியே தப்பியவர்கள் 76 பேர். கரைசேர்ந்தது மூவர்தான். பிடிபட்ட 73 பேரில் 50 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்த எண்கள் சுரங்க மாதிரியின் பக்கத்திலேயே, தலைப்பின் எழுத்தளவில் இருக்க வேண்டும். கடைசிச் சுவருக்குத் தள்ளினால், சாகசத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பலர் கிளம்பிவிடுவார்கள்.

அந்தச் சுரங்கத்தின் அகலமும் உயரமும் சுமார் 60 செ.மீ. அதே அளவில் கட்டி ஆட்களைத் தவழவிட ஆசை வரும், வேண்டாம். சக்கர நாற்காலி நுழையாது, உள்ளே ஒருவர் பயந்து நின்றால் பின்னால் வருபவர்களும் சிக்கிக்கொள்வார்கள், எல்லாவற்றுக்கும் மேல் அது பிள்ளைகளுக்குச் சறுக்குமரமாகிவிடும். பக்கவாட்டில் வெட்டிய முழு அளவு மாதிரியே போதும்; நெருக்கம் கண்ணாலேயே புரியும்.

ஆவணம் இருப்பவர்களை மட்டும் கணக்கில் எடுப்பது இதைவிடப் பெரிய தவறு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் கட்டவைத்த சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் உட்பட, ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. கைதிகள் தரப்பில் நாட்குறிப்பு, ஓவியம், பெயர் பொறித்த கல்லறை எல்லாம் உண்டு. தொழிலாளர்கள் தரப்பில் அநேகமாக எதுவும் இல்லை. கையிருப்பைப் பார்த்துச் சுவர்களைப் பங்கிட்டால் இவர்கள் ஓர் அடிக்குறிப்பாகிவிடுவார்கள். வாய்மொழிப் பதிவுகளுக்கான இடத்தை முதலில் குறித்துவிட்டுப் பிறகு பொருட்களைத் தேர்ந்தெடுங்கள்.

தப்பிச் செல்பவர்களுக்கான பட்டுத்துணி வரைபடங்களுக்கும் கடிதங்களுக்கும் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் கூடாது. அதுவும் நிரந்தரமாக அல்ல: நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 90 நாளில் 36,000 லக்ஸ்-மணி சேர்ந்துவிடும், மங்கிய சாயம் திரும்பாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிவையுங்கள். முகாம் சூழல் வேண்டும் என்று காட்சிப் பேழைக்குள் பதப்படுத்தாத மரப்பலகை அடிப்பவர்களும் உண்டு. மரத்திலிருந்து கசியும் அமில ஆவி மூடிய பேழையில் தங்கி ஈயப் பொருட்களை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். பலகை பேழைக்கு வெளியே இருக்கட்டும்.

கைதிகளின் கடிதங்களை விளக்கமின்றித் தொங்கவிடாதீர்கள். ‘நலமாக இருக்கிறேன்’ என்ற வரி தணிக்கையைத் தாண்டி வந்தது என்பதும், சில முகாம்களில் வாசகம் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது என்பதும் விளக்க அட்டையின் முதல் வரியிலேயே வர வேண்டும்.