உபுண்டு லேப்டாப் கைக்கு வந்தாச்சா? மொதல்ல இதெல்லாம் பண்ணுங்க

எங்க ஆச்சி (அக்கா) மகன் காரைக்குடில இன்ஜினியரிங் ஃபர்ஸ்ட் இயர் சேர்ந்திருக்கான். அவனுக்கு வாங்குன லேப்டாப்ல விண்டோஸ் கிடையாது, உபுண்டு 24.04 (விண்டோஸுக்குப் பதிலா ஓடுற, லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டே வந்துச்சு, அதனால விலையும் கொஞ்சம் கம்மி. பிளஸ் டூ வரைக்கும் விண்டோஸ் மட்டுமே பாத்த புள்ள, "அம்மான், இதுல ஸ்டார்ட் பட்டனே காணோமே"ன்னு போன் அடிச்சான். அவனுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்க போட்டிருக்கேன். ஆன் பண்றது, வால்பேப்பர் மாத்துறது எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன். பி.காம் படிக்கிறவங்களுக்கு கணக்கு எழுதுற டாலி வேணும், சிவில் மெக்கானிக்கல்னா வரைபடம் போடுற ஆட்டோகேட் வேணும், ரெண்டுமே லினக்ஸுக்குன்னு வர்றதில்ல. அவங்க விண்டோஸையும் பக்கத்துல வச்சுக்கங்க, அதாவது ஒரே லேப்டாப்ல ரெண்டும், டூயல் பூட். கம்ப்யூட்டர் சயின்ஸ், கணக்கு, இலக்கியம் படிக்கிறவங்க யோசிக்கவே வேணாம். உபுண்டுவை விண்டோஸ் மாதிரியே காட்டுற தீம் போடச் சொல்லி நிறைய வீடியோ இருக்கு, அதுல நேரத்தை விடாதீங்க, ஒரு வாரத்துல கண்ணு தானா பழகிரும்.

படி 1: நெட்

சில லேப்டாப்ல வைஃபை சிப்புக்கு டிரைவர் (அதை இயக்குற சாஃப்ட்வேர்) தனியா போடணும், டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும்னு சுத்தல்ல விடும். போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி, போன்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க, உடனே நெட் வந்துரும். அப்பறம் அடிஷனல் டிரைவர்ஸ்னு ஒரு ஆப் இருக்கும், அதைத் திறந்தா வேண்டியதை அதுவே காட்டும். வைஃபை தெரியுது ஆனா இழுக்க மாட்டேங்குதுன்னா லேப்டாப்பைத் திட்டாதீங்க. நம்ம ஊர் வீட்டுல ரவுட்டரை முகப்புல வச்சுட்டு ரெண்டாம் கட்டுல ஒக்காந்து படிச்சா, அந்தச் சொவத்தைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? வளவுக்கு (நடு முற்றத்துப் பக்கம்) வந்து பாருங்க.

படி 2: அப்டேட்

டெர்மினல்ல (கமாண்டை டைப் பண்ற ஜன்னல்) சூடோ ஏப்ட் அப்டேட் (sudo apt update), அது முடிஞ்சதும் சூடோ ஏப்ட் அப்கிரேட் (sudo apt upgrade). பாஸ்வேர்ட் கேக்கும், அடிக்கும்போது ஸ்க்ரீன்ல நட்சத்திரம் கூட வராது, கீபோர்ட் போச்சுன்னு நெனைக்க வேணாம், அடிச்சு முடிச்சு என்டர் தட்டுங்க. இந்த வெர்ஷன் 2024 ஏப்ரல்ல வந்தது, அஞ்சு வருஷம் அப்டேட் உண்டு, அதனால 2029 வரைக்கும் வேற மாத்தத் தேவையில்ல.

படி 3: தமிழ் டைப்பிங்

இங்கதான் நான் ரொம்ப நேரம் மண்டையை ஒடச்சேன், அதனால நிதானமாப் படிங்க.

செட்டிங்ஸ்ல கீபோர்ட், அதுல இன்புட் சோர்சஸ், பிளஸ் குறி, மூணு புள்ளி, இங்கிலீஷ்ல தமிழ்னு தேடுனா வரிசையா வரும். அதுல தமிழ்நெட் 99னு ஒண்ணு இருக்கும், பேரைப் பாத்ததும் கை அதுக்குத்தான் போகும். அதை எடுக்காதீங்க. அது வெறும் கீபோர்ட் மேப், ஒரு கீக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான், தானா புள்ளி விழாது. நமக்கு வேண்டியது பேரோட கடைசில எம்17என்னு போட்டிருக்கிற தமிழ்99. லிஸ்ட்ல அது இல்லைன்னா டெர்மினல்ல சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஐபஸ்-எம்17என் (sudo apt install ibus-m17n). போட்ட பெறகும் லிஸ்ட்ல வராது! லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வரணும், அப்பத்தான் தெரியும். நான் படிச்ச எந்த விளக்கத்துலயும் இந்த லாக் அவுட்டை யாரும் எழுதலை.

சேர்த்தாச்சா, இப்ப விண்டோஸ் படம் போட்ட கீயையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அமுக்குனா தமிழ், திரும்ப அமுக்குனா இங்கிலீஷ்.

எடது கைப்பக்கம் உயிரெழுத்து, வலது பக்கம் பெரும்பாலும் மெய். "அம்மா" அடிக்க ஏ, கே, கே, க்யூ. ம ரெண்டு தடவை வந்தா மொத ம-வுக்குப் புள்ளி அதுவே வச்சுக்கும். "காரைக்குடி"ன்னா ஹெச் க்யூ, எம் ஆர், ஹெச் ஹெச் டி, ஓ எஸ், ஒன்பதே தட்டு. ந-வுக்கு அடுத்து த, ங-வுக்கு அடுத்து க வந்தாலும் இதே கதைதான், தானா ந்த, ங்க ஆயிரும். தனிப் புள்ளிக்கு எஃப். "மமதை"ன்னு புள்ளி விழாம வேணும்னா நடுவுல ஒரு அ தட்டுங்க. போன்ல தங்கிலீஷ்ல அடிச்சுப் பழகுனவங்க ஃபொனெடிக்தான் ஈஸிம்பாங்க, அதுவும் அதே லிஸ்ட்ல இருக்கு, நான் வேணாம்பேன். ரெண்டு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பழகுனா அசைன்மென்ட் அடிக்கிற நேரம் பாதியாயிரும்.

இதுலயே இன்னொண்ணு. எங்க அப்பச்சி (அப்பா) கோயில் புள்ளிக் கணக்கு (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களோட பட்டியல்) ஃபைல் ஒண்ணு குடுத்தாக, தெறந்தா தமிழே இல்லை, இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கிடக்கு. ஃபைல் கெட்டுப்போகலை. அது யூனிகோடு (எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியிற எழுத்து முறை) புழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தி பாமினிங்கிற பழைய ஃபாண்ட்ல அடிச்சது. ஹோம் ஃபோல்டருக்குள்ள, முன்னாடி ஒரு புள்ளி வச்சு ஃபாண்ட்ஸ்னு சின்ன எழுத்துல ஒரு ஃபோல்டர் போட்டு, பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து அந்த ஃபாண்ட் ஃபைலை எடுத்து உள்ள போடுங்க (புள்ளி வச்ச ஃபோல்டர் மறைஞ்சுக்கும், கன்ட்ரோல் ஹெச் அமுக்குனா தெரியும்). லிப்ரே ஆஃபீஸை (வேர்டு, எக்செல் மாதிரி இலவச சாஃப்ட்வேர்) மூடித் தெறந்தா பேரெல்லாம் படிக்க வரும். புதுசா எதையும் அந்த ஃபாண்ட்ல அடிக்காதீங்க, யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கங்க, அப்பத்தான் தேடுனா கிடைக்கும்.

படி 4: சி ப்ரோகிராம்

லேப்ல டர்போ சி-ல எழுதச் சொல்வாங்க. இங்க அதுக்குப் பதிலா ஜிசிசிங்கிற கம்பைலர். பில்ட்-எசென்ஷியல்ங்கிற பேக்கேஜ் போட்டா எல்லாம் வந்துரும். கோனியோ டாட் ஹெச் இங்க கிடையாது, அதனால க்ளியர் ஸ்க்ரீன், கெட்ச் வரியெல்லாம் எடுத்துருங்க, மெயினுக்கு முன்னாடி வாய்டு போடாம இன்ட் போடுங்க. ஸ்கொயர் ரூட் போட்ட ப்ரோகிராம் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்"னு நின்னா கமாண்டோட கடைசில ஒரு மைனஸ் போட்டு, ஒட்டி எல் எம்னு சின்ன எழுத்துல சேருங்க, கணக்கு லைப்ரரியைத் தனியாக் கூப்பிடணும். எடிட்டருக்கு எல்லாரும் விஎஸ் கோட்ம்பாங்க, 4 ஜிபி ரேம் மெஷின்ல அது மூச்சு வாங்கும், ஜீனி (Geany)ங்கிற எடிட்டர் போதும்.

படி 5: ஜெராக்ஸ் கடை

ரெக்கார்டை வேர்டு (டாக்எக்ஸ்) ஃபைலா கொண்டு போகாதீங்க, கடை சிஸ்டத்துல ஃபாண்ட் மாறி வரி தள்ளிப்போகும். லிப்ரே ஆஃபீஸ்லயே பிடிஎஃப் ஆக்கிடுங்க. பென்டிரைவ்ல காப்பி முடிஞ்சுதுன்னு காட்டுனாலும் உடனே உருவாதீங்க, உபுண்டு கொஞ்சத்தை மெமரில வச்சுக்கிட்டு பின்னாடி மெதுவா எழுதும். எஜெக்ட் குடுத்து, எடுக்கலாம்னு சொன்னப்பறம் எடுங்க. இல்லைன்னா கடைல போய் தெறக்கும்போது ஃபைல் பேரு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

பின்சேர்க்கை: டூயல் பூட் போட்டவங்க ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க.

ஒண்ணு, உபுண்டு போயிட்டு விண்டோஸ் வந்தா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது. பேட்டரி கோளாறு இல்ல. போர்டுல இருக்கிற கடிகாரத்துல உபுண்டு உலக நேரத்தை எழுதுது, விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம்னு படிக்குது. உபுண்டு டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1னு (timedatectl set-local-rtc 1) ஒரு தடவை அடிங்க, ரெண்டும் ஒத்துப்போயிரும்.

ரெண்டு, உபுண்டுலேர்ந்து டி டிரைவைப் பாக்க முடியுது, ஆனா சேவ் பண்ண விடலை. விண்டோஸ் ஷட்டவுன் ஆன மாதிரி காட்டிட்டு பாதித் தூக்கத்துல இருக்கும், அதனால உபுண்டு அந்த டிரைவைத் தொட பயப்படுது. விண்டோஸ்ல பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃப் பண்ணுங்க. அவசரமா வேணும்னா ஷட்டவுன் குடுக்காம ரீஸ்டார்ட் குடுத்து உபுண்டுக்கு வாங்க, அப்ப எழுத விடும்.